பாலக்காடு–கோவை எல்லையில் தினசரி ஓட்டத்துக்கு எந்த ஸ்கூட்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார், கஞ்சிக்கோடு, சித்தூர் பக்கம் குடியிருந்துகொண்டு பாலக்காட்டுக்கோ கோவைக்கோ வேலைக்குப் போய்வருகிறவர்கள் வண்டி வாங்கும் முன் கேட்கிற கேள்விகள் இவை. சென்னையிலோ கொச்சியிலோ உட்கார்ந்து எழுதுகிற ஆலோசனைகளில் நம் கணவாய்க் காற்று வராது, இரண்டு மழைக்காலம் வராது, இரண்டு ஆர்.டி.ஓ. தலைவலியும் வராது. சித்தூர் என்று இங்கே சொல்வது பாலக்காட்டுச் சித்தூரைத்தான், ஆந்திரச் சித்தூரை அல்ல.

110 சிசி போதுமா, 125 எடுக்கணுமா?

நீங்கள் தினமும் போகும் வழியைப் பொறுத்தது. பாலக்காடு டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர், கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூருக்குப் பள்ளி வேலைக்குப் போகிறவர் ஆகியோருக்கு 110 தாராளம். ஆக்டிவா, ஜூபிடர் இரண்டில் எதை எடுத்தாலும் பழுதில்லை.

வாளையார் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறுகிறவர் என்றால் 125 எடுங்கள். அதிகபட்ச வேகத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு 55, 60 வேகத்தில் போகும்போது முன்னால் ஒரு லாரி மெதுவாக ஊர்ந்தால், அதைக் கடக்க 110 வண்டியில் முழு ஆக்சிலரேட்டரையும் முறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 125 வண்டியில் அந்தக் காத்திருப்பு குறையும். ஷோரூம் விலையில் இரண்டுக்கும் பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான இருசக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, 'பட்ஜெட் இடிக்குது, அதனால் 110' என்கிற காரணமும் கொஞ்சம் வலுவிழந்துவிட்டது.

125-ல் எது என்றால், என் ஓட்டு சுசுகி ஆக்ஸஸுக்கு. பிக்கப் நன்றாக இருக்கும், ஆனாலும் தூக்கிவாரிப் போடாது. சீட்டும் நீளம். குடும்பச் சாமான் அதிகம் ஏற்றுகிறவர் ஜூபிடர் 125 பார்க்கலாம். எடை குறைவாக வேண்டும் என்றால் யமஹா ஃபாசினோ, 99 கிலோதான்.

இங்கே காற்று அதிகம் என்கிறார்களே, ஸ்கூட்டருக்கு அது பிரச்சினையா?

பிரச்சினைதான், ஆனால் சமாளிக்க முடியாத பிரச்சினை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை நீளத்துக்கு இருக்கிற பெரிய இடைவெளி நம் பாலக்காட்டுக் கணவாய். 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடல் காற்று முழுக்க இந்த வாசல் வழியாகத்தான் கோவைப் பக்கம் நுழைகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டது சும்மா இல்லை. மார்கழி, தை மாதங்களில் அதே காற்று திரும்பி, கிழக்கிலிருந்து வறட்டுக் காற்றாக வீசும்.

ஜூன், ஜூலையில் கோவையிலிருந்து மாலை வீடு திரும்புகிறவருக்கு நெஞ்சுக்கு நேரே எதிர்க்காற்று. காலையில் 45 கொடுத்த மைலேஜ் திரும்பும்போது தெரிகிற அளவு குறையும். வண்டியில் ஏதோ கோளாறு என்று சர்வீஸுக்கு விட்டுவிடாதீர்கள்.

கவனிக்க வேண்டியது பக்கவாட்டுக் காற்று. ஒரு பெரிய கண்டெய்னர் லாரியை ஒட்டிக் கடக்கும்போது அதன் உடம்பு காற்றை மறைத்துவிடும். நீங்களும் அறியாமல் கைப்பிடியைத் தளர்த்தியிருப்பீர்கள். லாரியின் மூக்கைத் தாண்டிய அந்த நொடியில் காற்று மொத்தமாக வந்து அடிக்கும். வண்டி ஒரு முழம் தள்ளிப் போகும். லாரிக்கும் உங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டுக் கடந்தால் இந்த அடி மெதுவாக வரும். முன்பக்கம் பெரிய கண்ணாடித் தடுப்பு, பின்னால் பெட்டி என்றெல்லாம் மாட்டியிருந்தால் காற்று பிடிக்கப் பரப்பு கூடும். இந்த ஊரில் அவை வேண்டாம்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. பாலக்காட்டில் குடியிருந்து கோவையில் வேலை பார்ப்பவருக்குக் காலையில் கிழக்கே பார்த்து ஓட்டம், மாலையில் மேற்கே பார்த்து ஓட்டம். இரண்டு வேளையும் வெயில் கண்ணிலேதான். வண்டியில் காசு மிச்சம் பிடித்தாவது நல்ல முகக்கண்ணாடி உள்ள ஹெல்மெட் வாங்குங்கள்.

மின்சார ஸ்கூட்டர் எடுக்கலாமா? எல்லாரும் அதைத்தானே எடுக்கிறார்கள்?

மூன்று விஷயம் சரியாக இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். ஒரு நாள் ஓட்டம், போகவர சேர்த்து 60 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வண்டி நிறுத்துகிற இடத்திலேயே சொந்தமாக 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட், சரியான எர்த்துடன், வேண்டும். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் பாலக்காட்டிலோ கோவையிலோ உங்களுக்குச் சௌகரியமான பக்கத்தில் இருக்க வேண்டும்.

கணக்குப் பாருங்கள். தினம் 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற பெட்ரோல் வண்டிக்கு 17 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது சுமார் 1,800 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சார வண்டி, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 30 யூனிட்டை ஒட்டி எடுக்கும். யூனிட்டுக்கு 7 ரூபாய் வைத்தாலும் 210 ரூபாய்.

ஆனால் கேரளப் பக்கம் குடியிருப்பவர்கள் மின் கட்டணத்தில் ஒரு கண்ணியைக் கவனிக்க வேண்டும். கே.எஸ்.இ.பி.யில், அதாவது கேரள மின்வாரியத்தில், மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. வீட்டில் ஏற்கெனவே ஏ.சி. ஓடி 230 யூனிட்டில் நிற்கிறது என்றால், ஸ்கூட்டரின் 30 யூனிட் உங்களை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். பில்லில் கூடுவது 210 ரூபாயோடு நிற்காது. வாங்கும் முன் கடைசி மூன்று பில்லையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலும் படிநிலை உண்டு. இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட் கூட்டிப் பாருங்கள்.

கேரளத்தில் கே.எஸ்.இ.பி. மின் கம்பங்களிலேயே இருசக்கர, ஆட்டோ வண்டிகளுக்கு சார்ஜ் பாயிண்ட் வைத்திருக்கிறது. அவசரத்துக்கு உதவும். தினசரி அதையே நம்பி வண்டி வாங்குவது சரிப்படாது.

நம் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு சௌகரியம்: இந்தத் தொழிலில் பெரும்பங்கு தமிழ்நாட்டில்தான் நடக்கிறது. ஏத்தர், டி.வி.எஸ். ஐகியூப் இரண்டும் ஓசூரில் தயாராகின்றன. ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்தில். ஆம்பியர் என்கிற ஸ்கூட்டர் கம்பெனி கோவையில் பிறந்தது. ஆனால் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கிறது என்பதால் உதிரிபாகம் சீக்கிரம் வரும் என்று அர்த்தம் இல்லை. இப்போது அதே வண்டி வைத்திருக்கிற இரண்டு பேரிடம், 'சர்வீஸுக்கு விட்டால் எத்தனை நாளில் கையில் கிடைக்கிறது' என்று கேளுங்கள். விளம்பரத்தை விட அந்தப் பதில்தான் முக்கியம்.

பேட்டரிக்கு எத்தனை வருடம் வாரண்டி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை வாய்ச்சொல்லாக வாங்காமல் தாளில் வாங்குங்கள்.

கோவைக்கு தினமும் ஸ்கூட்டரிலேயே போய்வரலாமா?

வேலந்தாவளத்திலிருந்து குனியமுத்தூர், உக்கடம் வரை என்றால் போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். 2024 ஆகஸ்டில் உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலம் திறந்த பிறகு கடைசிப் பகுதி கொஞ்சம் லேசாகிவிட்டது. பாலக்காடு டவுனிலிருந்து கோவைக்கு, போகவர 100 கிலோமீட்டர், தினமும் ஸ்கூட்டரில் என்றால் வேண்டாம் என்பேன். வண்டி தாங்கும், உங்கள் முதுகு தாங்காது. ரயில் நிலையம் வரை ஸ்கூட்டர், அங்கிருந்து ரயில் என்று வைத்துக்கொண்டால் சின்ன வண்டியே போதும்.

நெடுஞ்சாலை சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது.

வீட்டில் நான், மனைவி, அம்மா மூன்று பேரும் ஓட்டணும். எதைப் பார்க்கணும்?

எடையைப் பாருங்கள். அதையும் விட, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். ஆக்டிவா 110, ஆக்ஸஸ், ஜூபிடர் 110 எல்லாம் 106 கிலோவை ஒட்டித்தான். மின்சார வண்டிகளில் பல 115 முதல் 125 கிலோ வரை போகும், ஆனால் பேட்டரி கால்மிதிப் பலகைக்கு அடியில் இருந்தால் ஓடும்போது அந்தப் பாரம் தெரியாது. தள்ளும்போது தெரியும்.

ஷோரூமில் சேல்ஸ்மேன் உடனே ஓட்டிப் பார்க்கச் சொல்வார். ஓட்டுவதற்கு முன் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள், உங்களுக்குப் பதிலாக அம்மாவை. சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுக்கட்டும். வாசல் சரிவில் முன்சக்கரம் கீழே பார்க்க நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்தபடி காலால் உந்திப் பின்னுக்கு எடுக்கட்டும். புடவையுடன் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் படுகிறதா பார்க்கட்டும். விரல் நுனி மட்டும் பட்டால் போதாது, குதிகால் கொஞ்சமாவது இறங்க வேண்டும். சந்தைக்கு வெளியே நெருக்கி நிறுத்திய பத்து வண்டிகளுக்கு நடுவிலிருந்து தன் வண்டியை உருவுகிற வேலை தினமும் அவருக்குத்தான். இந்த மூன்றில் ஒன்று தடுமாறினாலும் அடுத்த வண்டியைப் பாருங்கள். 'பழகினால் சரியாயிடும் அக்கா' என்பார்கள். ஆகாது, ஸ்கூட்டர் வீட்டிலேயே நிற்கும், அம்மா பஸ்ஸில் போவார்.

டிக்கி எவ்வளவு பெரியது வேண்டும்?

ஆக்டிவாவில் 18 லிட்டர், ஆக்ஸஸில் 24-ஐ ஒட்டி, ஜூபிடர்களில் 33, ஏத்தர் ரிஸ்டாவில் 34. லிட்டர் கணக்கை நம்பாமல் உங்கள் ஹெல்மெட்டையே எடுத்துப்போய் வைத்து மூடிப் பாருங்கள். முழுமுக ஹெல்மெட் பல வண்டிகளில் இறங்காது. மழைக்கோட்டு, சாப்பாட்டுப் பை இரண்டும் நிரந்தரமாகக் குடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மழைக்கு எது நல்லது?

நம்முடையது இரண்டு மழை ஊர். ஜூனில் கேரளப் பக்கத்திலிருந்து இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து அடைமழை. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓடுகிறவர் இரண்டிலும் நனைவார்.

பெட்ரோல் மூடி சீட்டுக்கு வெளியே இருக்கிற வண்டி நல்லது. கொட்டும் மழையில் பங்கில் சீட்டைத் தூக்கினால் உள்ளே இருக்கிற காகிதம், சாப்பாடு எல்லாம் நனையும். ஜூபிடரில் மூடி முன்பக்கம், ஆக்டிவாவில் பின்பக்கம்.

முன்சக்கரம் 12 அங்குலமாவது இருக்கட்டும். தண்ணீர் நிற்கிற குழியின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது; சின்னச் சக்கரம் உள்ளே விழுந்து நிற்கும், பெரியது ஏறி வந்துவிடும். ஆக்டிவா, ஆக்ஸஸ், ஃபாசினோ மூன்றிலும் முன்னால் 12, பின்னால் 10. ஜூபிடர் 110-ல் இரண்டும் 12.

தண்ணீருக்குள் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் சைலன்சர் வாய் மூழ்காத அளவுக்குத்தான். கியர் வண்டி போலக் கிளட்ச் பிடித்து ரேஸ் கொடுத்துக்கொண்டே போகிற வசதி ஸ்கூட்டரில் இல்லை. இடது பக்கத்துப் பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும்: இன்ஜின் கத்தும், வண்டி நகராது. நிறுத்தி, காயவிட்டு, மெக்கானிக்கிடம் திறந்து துடைக்கச் சொல்லுங்கள்.

டிஸ்க் பிரேக் அவசியமா?

நெடுஞ்சாலை ஓட்டம் இருந்தால் ஆமாம். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையான வண்டிகளில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சி.பி.எஸ். கட்டாயம் ஆகிவிட்டதால் டிரம் பிரேக் வண்டியும் முன்பு போல மோசமில்லை. ஆனாலும் நனைந்த டிரம் முதல் பிடியில் ஏமாற்றும். சித்தூர்ப் பக்கம் விடிகாலையில் கள் ஏற்றிக்கொண்டு பறக்கிற பிக்கப் வண்டிகளைப் பார்த்தவர் யாரும் டிஸ்க்குக்குக் கொடுக்கிற கூடுதல் காசைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

வண்டியைக் கோவையில் வாங்குவதா, பாலக்காட்டிலா?

எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். பதிவு மட்டும் நீங்கள் குடியிருந்து வண்டி வைத்திருக்கிற மாநிலத்தில். கொழிஞ்சாம்பாறையில் வீடு என்றால் வழக்கமாக கே.எல். 70 சித்தூர், பாலக்காடு டவுன் என்றால் கே.எல். 09. கோவையில் வாங்கினால் தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து இங்கே நிரந்தரப் பதிவு செய்ய வேண்டும். அந்த அலைச்சலுக்கு ஈடாக ஷோரூம் விலையில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது, ஏனென்றால் சாலை வரி பதிவு செய்கிற மாநிலத்தின் கணக்குப்படிதான்.

மாமியார் வீடு மதுக்கரையில், அந்த விலாசத்தில் டி.என். நம்பர் வாங்கி இங்கே ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி ஒரு மாநில வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அந்த மாநிலப் பதிவுக்கு மாற்ற வேண்டும். தினம் போய்வருகிற வண்டிக்கு இது பொருந்தாது, இங்கேயே நிரந்தரமாக நிற்கிற வண்டிக்குப் பொருந்தும். விற்கும்போதும் இந்த நம்பர் விவகாரம் விலையை இறக்கும்.

பெட்ரோல் எந்தப் பக்கம் போடுவது?

தமிழ்நாட்டுப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. கேரளத்தில் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் போகிற வேலை இருக்கும்போது டேங்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஐந்து லிட்டர் டேங்குக்காக மட்டும் எல்லை தாண்டினால் போகவரச் செலவாகிற பெட்ரோலிலேயே லாபம் கரைந்துவிடும்.

ஹெல்மெட் விஷயத்தில் இரண்டு மாநிலமும் ஒன்றுதானா?

சட்டம் ஒன்று, பிடிக்கிற விதம் வேறு. ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இருவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் கட்டாயம். கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏ.ஐ. கேமராக்கள் வேலை செய்கின்றன. போலீஸ்காரர் இல்லையே என்று போனால் நோட்டீஸ் வீட்டுக்கு வரும். அபராதம் கேரளத்தில் 500, தமிழ்நாட்டில் 1,000. சட்டப்படி பின்னால் ஒருவர்தான். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தையை ஏற்றினால் உடம்போடு கட்டுகிற பாதுகாப்புப் பட்டையும் குழந்தை ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

மூன்று, நான்கு வருட வண்டி என்றால் நல்ல பேரம்தான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானது என்றால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தோதானது. அதையே முதலில் தேடுங்கள்.

குளிர்ந்த இன்ஜினோடு பாருங்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கிளப்பும்போது வண்டி முழுக்க நடுங்கினால் கிளட்ச் வேலை இருக்கிறது. ஓடும்போது இடது பக்கத்தில் கரகர என்று சத்தம் வந்தால் பெல்ட், ரோலர் பார்க்க வேண்டும். பெல்ட் பொதுவாக 20,000 கிலோமீட்டரைத் தாண்டியதும் மாற்ற வேண்டியது. மீட்டர் 25,000 காட்டுகிறது, பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் அந்தக் காசை விலையில் கழியுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து வண்டி என்றால் முதலில் காகிதம், அப்புறம்தான் இன்ஜின். பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்ற 29, 30, கடன் இருந்திருந்தால் அதை நீக்கிய படிவம் 35. இங்கே மறுபடி சாலை வரி கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம், அது பழைய உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் நகராது. 'எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி' என்று சொல்கிறவரிடம் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

ஷோரூமில் சொல்கிற கூடுதல் சாமான், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டுமா?

புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதை எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியே ஒரு விலை கேட்டு வைத்துக்கொண்டு உள்ளே போங்கள், தானாக இறங்கி வருவார்கள். புடவைக் கார்டு, பின்கைப்பிடி, கால்மிதி மேட் போதும். டெஃப்லான் பூச்சு, வருடாந்தரப் பாலிஷ் பேக்கேஜ் எல்லாம் வேண்டாம். கொட்டேஷனில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

சர்வீஸ், டயர் காற்று?

கம்பெனி புத்தகத்தில் உள்ளபடி ஆயில் மாற்றுங்கள். டயர் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். பின்டயரில் தனியாகப் போகும்போது ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் கூடுதல் அளவு என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கும். பங்கில் கேட்காமலே ஒரே அளவை அடித்துவிடுவார்கள், சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். ஏப்ரல், மே வெயிலில் ஓடிவந்த சூட்டோடு அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

ப்ளூடூத், வண்ணத்திரை?

வேண்டாம். கைபேசியைக் கோட்டுப் பைக்குள் போடுங்கள்.

பையனுக்குப் பதினாறு வயது. ஸ்கூட்டர் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கூடாது. பதினாறு வயதுக்கு உரிமம் கிடைப்பது 50 சிசி-க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். மேலே சொன்ன எந்த ஸ்கூட்டரும் அதில் வராது. பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, வயது வராத பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. அவசியம் என்றால் 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மின்சார வண்டிக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை. அதுவும் ஊருக்குள் உள்ள பள்ளிக்குத்தான், நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டிய பள்ளிக்கு அல்ல.